இசைக்கும் இரைச்சலுக்கும் இடையே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனின் பின்னணி இசை வெறும் இரைச்சல் என்று தங்கள் நாளிதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்ததை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. 2012இல் 'அட்டகத்தி' மூலம் அறிமுகமான அவர், 2018இல் வெளிவந்த 'பரியேறும் பெருமாள்' படத்தில் கருப்பி என்ற நாய்க்கு எழுப்பிய ஒப்பாரியைக் கேட்ட எவரும் இத்தனை எளிதாக அப்படிச் சொல்லிவிட மாட்டார்கள். 2021இல் வந்த 'கர்ணன்' படத்தின் 'கண்டா வரச் சொல்லுங்க' பாடலிலும் நாட்டுப்புறப் பாடகி கிடாக்குழி மாரியம்மாளின் கரகரத்த குரலை மெருகேற்றி மழுங்கடிக்காமல் அப்படியே விட்டதுதான் அப்பாடலின் பலம் என்பது என் கருத்து.

எனினும் அந்த வாசகரின் மனக்குறையில் ஓரளவு நியாயம் உண்டு. தக்கலைப் பகுதித் திரையரங்கு ஒன்றில் நான் 'கர்ணன்' பார்த்தபோது, முழவுகளின் அதிர்வில் சில வசனங்கள் காதில் விழவே இல்லை. இதில் இசையமைப்பாளரின் பங்கு எவ்வளவு, ஒலிக்கலவையின் பங்கு எவ்வளவு, ஒலியளவை உச்சத்துக்கு ஏற்றி வைத்திருந்தவரின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது கடினம். எங்கள் ஊர்க் கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவன் நான். புலவர் கதையை வசனமாகச் சொல்லத் தொடங்கியதும், குடத்தின் வாயில் ஓங்கி அடித்துக்கொண்டிருந்தவரின் கை தானாகவே தணிந்துவிடும், உடுக்கையும் அடங்கும். அந்த அடக்கத்தைச் சந்தோஷ் நாராயணன் அறியாதவரல்லர் என்பதற்குக் கருப்பியின் ஒப்பாரியே சான்று, உச்சக்கட்டக் காட்சிகளில் மட்டும் ஏனோ அதைக் கைவிட்டுவிடுகிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சுங்கான்கடை, கன்னியாகுமரி மாவட்டம்.