புல் ஓடுதளம்: ஞாயிறு பேசுவோம்

வணக்கம் உறவுகளே. சொந்தமாகக் கட்டிய சிறு விமானம் புல்தரையில் எழும்பும்போது கவிழ்ந்த காணொளியைப் பார்த்திருப்பீர்கள். எனக்கு மனசு கனத்துவிட்டது.

ஈரப்புல் சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். எழும்பும் தூரத்தை 1.3ஆல் பெருக்கச் சொல்கிறது பிரித்தானிய சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை. நம் நுவரெலியா மாதிரி 1,868 மீட்டர் உயரம் என்றால் காற்றின் அடர்த்தியும் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு, எஞ்சினும் இளைக்கும். பாதி ஓடுதளத்துக்குள் எழும்பும் வேகத்தில் 70 சதவீதம் வரவில்லையா, உடனே நிறுத்திவிட வேண்டும். வேகம் போதாமல் மூக்கைத் தூக்கினால் இறக்கை தாங்காது.

ஞாயிறு மாலை 4 மணி, ஹட்டன் சந்திப்பில் இதைத்தான் பேசுகிறோம். விமானி ஆக ஆசைப்படும் தம்பி தங்கைகளைக் கட்டாயம் கூட்டி வாருங்கள்.