ஏரிக்கரைப் பனைகளை விட்டுவிடுங்கள்: ஊராட்சி மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களுக்கும் வார்டு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஏரிக்கரையில் சிறுவர் பூங்கா வரப்போகிறது என்று கேட்டதும் சந்தோஷப்பட்டேன். சறுக்குமரமும் ஊஞ்சலும் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு வேண்டியதுதான். ஆனால் அதற்காகக் கரையில் நிற்கும் 9 பனைகளுக்குச் சுண்ணாம்பில் குறி போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்த நாளிலிருந்து மனசு கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமைதான் அந்த மரத்து நுங்கில் என் மகனுக்கு வண்டி செய்து கொடுத்தேன். பெருவிரலால் நோண்டிக் குடித்துவிட்டுப் போட்ட கூடுகளில் இரண்டை எடுத்து, ஒரு சாண் குச்சியின் இரண்டு முனையையும் சீவிச் செருகினோம். அச்சு ஆயிற்று. கவட்டையாகப் பிரிந்த நீளக் கம்பை அச்சின்மேல் வைத்துத் தள்ளினால் ஓடும். முதலில் ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போனது. அவன் குனிந்து உட்கார்ந்து பார்த்தான். "ஒரு சக்கரம் பெருசுப்பா" என்றான். அவனே தேடி, ஒத்த அளவில் இன்னொரு கூட்டை எடுத்துவந்து மாற்றினான். அப்புறம் இருட்டும் வரை அவனைப் பிடிக்க முடியவில்லை. மூன்றாம் நாள் கூடு வாடி அச்சு ஆடியது. அரிந்து மாட்டுக்குப் போட்டோம்.

நுங்குக் காலம் முடிந்தால் பனங்காய் வண்டி. ஓலைக் கீற்றில் காற்றாடி, அதற்குக் கருவேல முள். கைக்குழந்தைக்கு ஓலைக் கிலுகிலுப்பை. இவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் பெரியவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். மரம் போனால் அவர்கள் எதை வைத்துக் கற்றுக்கொடுப்பார்கள்?

பனை நம் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே சொல்லியிருக்கிறார்கள். குறி போட்டவற்றில் 6 பெண் பனை, காய்க்கிற மரங்கள். புதிதாக விதை போட்டால் காய்க்கப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகும். இப்போது ஒன்றாம் வகுப்பில் இருக்கிற பிள்ளை அதற்குள் பள்ளிப் படிப்பையே முடித்துவிடும்.

நான் கேட்பது இதுதான். பூங்காவைப் பழைய நெற்களத்துப் பக்கம் இருபது அடி தள்ளிப் போடுங்கள், சரியாக இடம் இருக்கிறது. மரங்கள் வேலிக்குள்ளேயே நிற்கட்டும். மே 1 கிராம சபையில் இதைத் தீர்மானமாக வையுங்கள். அதற்கு முன் இடத்தை அளக்க வந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், டேப் பிடிக்க நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
கீழத்தெருவில் குடியிருக்கும் ஒரு தகப்பன்