முருகனுக்கு, பாப்பாரப்பட்டியிலிருந்து

அன்புள்ள முருகா,

நலம். நீயும் வீட்டில் எல்லாரும் நலமா இருப்பீங்க. அம்மாவுக்கு முட்டி வலி, எனக்கு வழக்கம்போல வாய் வலி. போன்ல சொன்னா "ஆமாண்டா, பாக்கலாம்டா"ன்னு வெச்சிடுவே. அதான் எழுதறேன்.

உங்க நிலத்துல பயிர் வெக்கற மாதம்மாக்கா விஷயம். உங்க மேட்டு நிலத்துல இந்த வருஷமும் ராகிதான் போட்டாங்க. எட்டு சாலுக்கு ஒரு சால் அவரை, ஓரத்துல கொஞ்சம் கடுகு. இப்ப ராகி அறுத்தாச்சு, அவரை பனியில பூத்து நிக்குது. மண்ணுக்கும் சத்து, மாட்டுக்கும் கொடி. நம்ம பாட்டனுங்க செஞ்சதை இப்ப "நீடித்த வேளாண்மை"ன்னு மேடை போட்டுச் சொல்றாங்க. பேசறவங்க மாதம்மாக்கா மாதிரி ஒருத்தரைக் கூப்பிட்டு முன் வரிசையில உக்கார வைக்கலாம்.

ரேஷன்ல அரிசிக்குப் பதிலா 2 கிலோ ராகின்னு 2023-ல நம்ம தருமபுரி மாவட்டத்துக்குக் கொண்டுவந்தாங்களே, அதுக்காக விவசாயிகிட்டயே நேரா கொள்முதல் பண்றாங்க. 2025-26 பருவத்துக்கு அரசு ஆதார விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். களத்துக்கு வர்ற வியாபாரி கிலோ முப்பதுக்கு மேல ஏற மாட்டேங்கறான், மூட்டைக்கு ஒரு கிலோ கழிவு வேற. அக்காகிட்ட அஞ்சு குவிண்டால். கணக்கு நீயே போட்டுக்கோ, காலேஜ்ல எனக்குக் காட்டினவன் நீதானே!

ரோட்டோரம் காயப்போட்டு, தூத்தி, சலிச்சு கொள்முதல் நிலையத்துக்கு எடுத்துட்டுப் போனோம். ஈரப்பதம் 12 சதவீதத்துக்குள்ள இருக்கணும். மெஷின்ல 11.6 காட்டினதும் அக்கா முகத்தப் பாக்கணுமே! அப்புறம் நிலம் யாருதுன்னு காட்ட சிட்டா, என்ன பயிர்னு காட்ட அடங்கல் கேட்டாங்க. சிட்டா இன்னும் காலமான உங்க அப்பா பேர்லதான். "பட்டாதாரரைக் கூட்டிட்டு வாங்க"ன்னார் அந்த ஆள். "நான் எங்க சாமி போய் அவரைக் கூட்டிட்டு வருவேன்?"னு கேட்டாங்க அக்கா. வரிசையில இருந்தவங்க சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. மூட்டைங்க திரும்ப டெம்போவுல ஏறுச்சு.

இது உங்க ஒரு நிலத்துக் கதை இல்லடா. வருஷம் 6,000 ரூபாய் கிசான் பணமும் நிலம் யார் பேர்ல இருக்கோ அவங்களுக்குத்தான். சொசைட்டி கடனுக்கும் அதே காகிதம். நம்ம பக்கம் பாதி நிலம் தாத்தா பேர்ல கூட்டுப் பட்டாவா கிடக்கு, சொந்தக்காரன் ஓசூர்லயும் பெங்களூர்லயும். உழறவங்களுக்கு வாய்ப்பேச்சுக் குத்தகை மட்டும்தான், காகிதம் இல்ல. குத்தகைதாரரைப் பதிவு பண்ண 1969-லேயே சட்டம் போட்டாச்சு. எந்த நிலக்காரன் பதிய விடுவான்? கோவிச்சுக்காத, நீ விடுவியா? நீ நல்லவன், விளைச்சல்ல பங்குகூட வாங்கறதில்ல, பொங்கலுக்கு ஒரு பை அவரையோட சரி. இருந்தும் அக்காவால அந்த விலைக்கு விக்க முடியல. அரசாங்கத்துல விதை, எரு, பயிற்சி எல்லாம் குடுக்கறாங்க, நான் குறை சொல்லல. ஆனா பேர் இல்லாதவங்களுக்கு அதுல எதுவும் போய்ச் சேரறதில்ல.

மூட்டை எங்க வீட்டுத் திண்ணையில இருக்கு. வியாபாரிகிட்ட போகாம நான்தான் நிறுத்தி வெச்சிருக்கேன். அக்கா பொண்ணுக்கு ஃபீஸ் கட்ட நான் கொஞ்சம் குடுத்தேன், அதை நீ தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத.

பொங்கலுக்கு வரும்போது இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் ரெண்டையும் எடுத்துட்டு வா. பட்டா மாறுதலுக்கு உன் தங்கச்சிங்க ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும். சின்னவகிட்ட நீ பேசறதில்லன்னு தெரியும், நான் பேசிக்கறேன். வி.ஏ.ஓ. திங்கக்கிழமை கண்டிப்பா இருப்பார். குத்தகைப் பதிவைப் பத்தி நேர்ல சண்டை போட்டுக்கலாம்.

இப்படிக்கு,
உன் செல்வம்

பி.கு.: லீவு இல்லன்னு சொல்லாத. கிரிக்கெட்டுக்கு மட்டும் கிடைக்குதே!