நிதி திரட்டும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மூளை அறுவை சிகிச்சைக்காக மருத்துவ மாணவர்கள் முன்னின்று நிதி திரட்டுவது பாராட்டத்தக்கது. ஆனால் அம்முயற்சி மருத்துவமனைக்குக் கருவி வாங்கிக் கொடுப்பதோடு நின்றுவிட்டால், நோயாளி உரிய நேரத்தில் மருத்துவமனைக்கு வந்து சேர்வது எப்படி என்ற கேள்வி அப்படியே நிற்கும். பக்கவாதத்தில் மூளையின் பெரிய ரத்தக்குழாய் அடைபட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன. ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய 4.5 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். வாய் கோணி, தூக்கிய கை தானாகத் தாழ்ந்து, பேச்சு குழறும்போதும், சற்றுப் படுத்தால் சரியாகிவிடும் என்று வீட்டார் காத்திருக்கும் நேரத்தை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது.

தலையில் அடிபட்டு எழுந்து நன்றாகப் பேசியவர் சில மணி நேரம் கழித்து வாந்தியெடுத்து மயங்குவதும் உண்டு. மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் இடையே ரத்தம் கட்டியிருக்கக்கூடும். விரைந்து அகற்றினால் உயிர் பிழைக்க நல்ல வாய்ப்புண்டு. இந்த அறிகுறிகளைப் பள்ளிகளிலும் பேருந்து நிலையங்களிலும் நடித்துக் காட்ட மருத்துவ மாணவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

வசூலாகும் தொகையில் ஒரு பங்கை, அறுவை சிகிச்சைக்குப் பின் மாதக்கணக்கில் தேவைப்படும் இயன்முறை சிகிச்சைக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் ஒதுக்கி, வரவு செலவுக் கணக்கைக் கொடையாளர்களுக்கு வெளியிடுமாறு மாணவர் அமைப்புகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்