பத்தாம் நம்பர் பையன்

அன்புள்ள பாப்பா,

நீ கோச்சாக இருக்கிற ஃபுட்பால் அணியில் ஒரு பையனைப் பற்றி நேற்று போனில் சொன்னாயே, அவன் ஞாபகமாகவே இருக்கிறது. பந்து அவன் காலோடு ஒட்டிக்கொண்டு வருகிறது, ஆனால் பின்னால் ஓடிவந்து தடுப்பதில்லை, பின்னால் நாலு பேர், நடுவில் நாலு பேர், முன்னால் இரண்டு பேர் என்கிற என் 4-4-2-வில் அவனுக்கு இடமில்லை, வெளியே உட்கார வைத்துவிட்டேன் என்றாய். சரி சரி என்று கேட்டுக்கொண்டேன். அப்புறம் மனசு கேட்கவில்லை.

உனக்குப் பிடித்த கார்லோ ஆன்செலோட்டியும் இதையே செய்தவர்தான். ஐரோப்பிய கிளப்புகளின் பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீகை ஐந்து முறை ஜெயித்த ஒரே கோச் என்பது உனக்குத் தெரியும். நான் சொல்வது அதற்கெல்லாம் முந்தைய கதை.

ஆன்செலோட்டியின் அப்பா பார்மசான் சீஸ் செய்கிற விவசாயி. மகன் மிட்ஃபீல்டர், நடுக்களத்தில் ஆடுகிறவர். பார்மா, ரோமா, மிலான் என்று இத்தாலிய கிளப்புகளில் ஆடினார். உன்னைப் போலவே முழங்கால்தான் அவருக்கும் எதிரி. ரோமா தன் சொந்த மைதானத்தில் லிவர்பூலோடு ஆடிய 1984 ஐரோப்பியக் கோப்பை (சாம்பியன்ஸ் லீகின் பழைய பெயர்) இறுதியில் அவரால் இறங்க முடியவில்லை. மிலானில் சாக்கி கோச்சாக இருந்தபோது 1989, 1990 இரண்டு வருடமும் அதே கோப்பையை வாங்கினார். பதினொரு பேரும் ஒரே கயிற்றில் கட்டினதுபோல் நகர வேண்டும் என்பது சாக்கியின் 4-4-2. ஆன்செலோட்டிக்கு அது வேதவாக்கு.

1994 உலகக் கோப்பையில் இத்தாலியின் கோச்சாக இருந்த சாக்கிக்கு உதவியாளராக அவர் பெஞ்சில் இருந்தார். நைஜீரியா, ஸ்பெயின், பல்கேரியா என்று மூன்று ஆட்டத்தில் ஐந்து கோல் போட்டு இத்தாலியை இறுதிக்குக் கொண்டுபோனவர் ராபர்ட்டோ பாஜியோ. அந்த இறுதி ஆட்டத்தை ராத்திரி நான் கண் விழித்துப் பார்த்தேன். பாஜியோ அடித்த கடைசி பெனால்டி கம்பத்துக்கு மேலே போனது. இடுப்பில் கை வைத்து, தலை குனிந்து அதே இடத்தில் நின்றார். இப்போதும் கண் முன்னால் நிற்கிறது.

அதைப் பக்கத்திலிருந்து பார்த்த ஆன்செலோட்டிதான், 1997-ல் பார்மாவின் கோச்சாக இருந்தபோது பாஜியோவை வேண்டாம் என்றார். முன்வரிசைக்குக் கொஞ்சம் பின்னால் நின்று ஆடுகிற பத்தாம் நம்பர் ஆளுக்கு 4-4-2-வில் இடம் ஏது? அதற்கு முன்பே, அதே மாதிரி ஆடுகிற ஜோலாவும் பார்மாவில் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, 1996-ல் இங்கிலாந்தின் செல்சீ கிளப்புக்குப் போய்விட்டார். அந்த சீசனில் பார்மா லீகில் இரண்டாம் இடம் வந்தது, அதனால் தன் கணக்குதான் சரி என்று அவருக்குத் தோன்றியிருக்கும். வேண்டாமென்று விட்ட பாஜியோ பொலோனியாவுக்குப் போய் அடுத்த சீசனிலேயே லீகில் 22 கோல் அடித்தார். தான் செய்தது தப்பு என்று ஆன்செலோட்டியே பிற்பாடு ஒத்துக்கொண்டார்.

1999-ல் யுவென்டஸ் போனதும் அங்கே ஜிதான் இருந்தார், அவரும் பத்தாம் நம்பர் மாதிரி ஆள்தான். இந்த முறை அவருக்காகத் தன் அமைப்பையே கலைத்தார். அப்புறம் மிலானில் மிட்ஃபீல்டர் பிர்லோவைத் தடுப்பு வரிசைக்கு முன்னால் இறக்கி, அங்கிருந்து ஆட்டத்தை நடத்தச் சொன்னார். வேகமும் உடல் பலமும் பிர்லோவின் பலம் இல்லை, பாஸ்தான் பலம். 2003-ல் அந்த அணி சாம்பியன்ஸ் லீகை ஜெயித்தது.

உன் அணிப் பையன் பாஜியோவா என்று எனக்குத் தெரியாது. கண்டிப்பு வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எங்கே நின்று ஆடினால் உனக்குச் சுகமாக இருக்கிறது என்று அவனிடம் ஒருமுறை கேள். கேட்டுவிட்டு அப்புறம் உட்கார வை.

சனிக்கிழமை மேட்ச் முடிந்ததும் போன் பண்ணு. முழங்காலுக்கு ஐஸ் வைக்க மறக்காதே.

அன்புடன்,
அப்பா