தொழுவத்தில் விழித்த இரவுகளும் அனுபவம்தான்: கால்நடை மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக் குழுவினருக்கு ஒரு மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் கால்நடை மருத்துவம் நான்காம் ஆண்டு படிக்கிறேன். இந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் தம்பி தங்கைகளுக்கு மூன்று வருடங்களாக உதவி வருகிறேன். கட்டுரையைத் திருத்துவேன், நேர்காணலுக்குப் பழக்குவேன், அப்புறம் இடம் கிடைக்காதவர்கள் அழும்போது கூடவே உட்கார்ந்திருப்பேன்.

போன முறை ஒரு தங்கை தன் விண்ணப்பத்தைக் காட்டினாள். "சின்ன வயதிலிருந்தே விலங்குகள் என்றால் எனக்கு உயிர்" என்று ஆரம்பித்திருந்தாள். எல்லோரும் எழுதுவதுதான். அனுபவம் என்ற கட்டம் காலியாக இருந்தது. வீட்டில் ஆறு மாடு என்பதே பேச்சுவாக்கில்தான் தெரிந்தது.

ஒரு ராத்திரி பனிக்குடம் உடைந்து வெகுநேரமாகியும் கன்று வரவில்லையாம். டார்ச் அடித்துப் பார்த்தால் மூக்கு தெரிகிறது, ஒரு குளம்பு தெரிகிறது, இன்னொன்றைக் காணோம். கால் உள்ளே மடங்கிக் கிடக்கிறது என்று புரிந்துகொண்டு, யாரையும் இழுக்க விடாமல் மருத்துவரை வரவழைத்திருக்கிறாள். கன்று பிழைத்தது. அது எழுந்து நிற்கத் தடுமாறியதால் சீம்பாலைக் கறந்து உடனே புகட்டியிருக்கிறாள். ஒரு நாள் கடந்துவிட்டால் சீம்பாலின் எதிர்ப்புச் சக்தியைக் கன்றின் குடல் உள்வாங்காது என்று நாங்கள் வகுப்பில் படித்தோம். தாமதிக்கக் கூடாது என்பது அவளுக்கு அம்மா சொல்லித் தெரியும்.

"இதை ஏன் எழுதவில்லை?"

"அது வீட்டு வேலைதானே அக்கா. கையெழுத்துப் போட யார் இருக்கிறார்கள்?"

மருத்துவரின் மேற்பார்வையில் இத்தனை மணி நேர அனுபவம் வேண்டும் என்று பல கல்லூரிகள் கேட்பதன் நோக்கம் எனக்குப் புரிகிறது. தொழில் எப்படியிருக்கும் என்று தெரியாமல் வந்து, முதல் கருணைக்கொலை ஊசியிலேயே உடைந்துபோகிறவர்கள் உண்டு. ஆனால் சம்பளமில்லாமல் மாதக்கணக்கில் மருத்துவமனையில் போய் நிற்க வசதி வேண்டும். மூலையில் நின்று வேடிக்கை பார்த்தவருக்கும் மணிக்கணக்கு ஏறிவிடுகிறது. தொழுவத்தில் விழித்திருந்தவளுக்கு ஒன்றும் ஏறவில்லை.

வெக்கை நோய் என்னும் கொள்ளை நோயில் மாடுகள் கூட்டம் கூட்டமாக மடிந்த காலத்தில்தான் 1761இல் பிரான்சின் லியோன் நகரில் நம் துறையின் முதல் பள்ளி பிறந்தது. அந்த நோய் 2011இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மருத்துவர்கள் எட்ட முடியாத ஆப்பிரிக்க மேய்ச்சல் நிலங்களில் பயிற்சி பெற்ற மேய்ப்பர்களே தடுப்பூசி போட்டார்கள். மாட்டோடு வாழ்கிறவர்களின் கண்ணை நம் துறை அன்று நம்பியது.

விண்ணப்பத்தில் வீட்டிலும் பண்ணையிலும் செய்த வேலைக்கென்று ஒரு கட்டம் வையுங்கள். பள்ளி ஆசிரியர் ஒருவர் சான்றளித்தால் போதும் என்று சொல்லுங்கள். பொய் சொல்வார்களே என்ற பயம் வேண்டாம். நேர்காணலில் "என்ன பார்த்தாய், அடுத்து என்ன செய்தாய்" என்று இரண்டு கேள்வி கேட்டால் தெரிந்துவிடும்.

அந்தத் தங்கைக்குப் போன முறை இடம் கிடைக்கவில்லை. இந்த ஆண்டு மறுபடி விண்ணப்பிக்கிறாள். அந்த ராத்திரியை அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறேன். உங்கள் மேசைக்கு வரும்போது தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

அன்புடன்,
ஒரு கால்நடை மருத்துவ மாணவி