பொன்னாடை போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

சிறுவர் எழுத்தாளர் ஆகப்போகிறேன் என்று பிள்ளை சொன்னால், "பிழைப்புக்கு என்னப்பா செய்வே?" என்று செட்டிநாட்டு வீடுகளில் உடனே கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 1922-இல் இராயவரத்தில் பிறந்த குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவே இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டுதான் பாட்டு எழுதினார். 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கியதும் அந்த உத்தியோகத்தில் இருந்தபோதே. ஓய்வுக்குப் பிறகுதான் 'கோகுலம்' சிறுவர் இதழின் ஆசிரியரானார்.

இன்றும் பலருக்குப் பகலில் சம்பளம், இரவில் கதை. நாமோ அவர்களைப் பள்ளி விழாவுக்கு அழைத்து, ஒரு பொன்னாடையைப் போர்த்தி அனுப்பிவிடுகிறோம் (பஸ் செலவும் பெரும்பாலும் அவர்களுடையதே!). இனியாவது பள்ளிகள் அவர்கள் கையில் சன்மானம் கொடுத்து, அவர்கள் புத்தகங்களில் பத்துப் பிரதியைப் பள்ளி நூலகத்துக்கு வாங்கட்டும்.

– ஒரு வாசகர், காரைக்குடி